நாளைக்கு ஐந்து விநாடி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் ஐயா, உங்கள் மேசை ஆடுகிறது. இடப்பக்கக் காலுக்கு அடியில் ஒரு காகிதத்தை நான்காக மடித்து வைத்தால் நின்றுவிடும். சின்ன விஷயம்தான். ஆனால் சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிடுவது என் பழக்கம். பத்தொன்பது வருடமாக இந்த ஊர்க் கடிகாரத் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

நீங்கள் போலீஸ் அதிகாரி, எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்காது. கடிகாரத்துக்குள் அரிசி அளவில் ஒரு கிரிஸ்டல் இருக்கும். மின்சாரம் பட்டால் அது விநாடிக்கு முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு முறை நடுங்க வேண்டும். அந்த நடுக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் ஒரு விநாடி ஆயிற்று என்று முடிவு செய்கிறது. எந்தக் கிரிஸ்டலும் சொல்லிவைத்தாற்போல் நடுங்காது. பத்து லட்சத்துக்கு இருபது கூடலாம், இருபது குறையலாம் என்று விட்டுக்கொடுத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு இரண்டு விநாடிகூட வராது. டாலரன்ஸ் என்பது எதுவரை பொறுத்துக்கொள்வோம் என்ற வாக்கு. துல்லியம் என்பது நிஜத்தில் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். என் மனைவி குழப்பிக்கொண்டதே இல்லை.

புதிய கிரிஸ்டல் ஒவ்வொன்றையும் ‘மாஸ்டர்’ என்ற ஒரு கிரிஸ்டலோடு ஒப்பிடுவோம். அது மூடிபோட்ட பெட்டியில், இருபத்தைந்து டிகிரி சூட்டில், ராஜா மாதிரி இருக்கும். அது சொல்வதுதான் சரி. மாஸ்டரே சரியா என்று கேட்க வேண்டிய ஆள் நான். பெட்டிச் சாவியும் என்னிடம்தான்.

என் வாட்ச் மாமனார் கொடுத்தது. அது நாளைக்கு ஐந்து விநாடி பின்தங்குகிறது என்று மற்றவர்கள் சொன்னார்கள். முள்ளைத் திருப்பி வைத்தால் அதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் ஒரு வருடம் தொடவில்லை. ஒரு மழைநாளில் மனைவியை அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் போனேன். சொன்ன நேரத்துக்குத்தான் போனேன். அவளோ அரை மணி நேரமாக நனைந்துகொண்டு நின்றதாகச் சொன்னாள்.

“வாட்ச் தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, வீட்டுக்கு வர்றேன்.”

“ஸ்டேஷன் கடிகாரம் வேகமா ஓடியிருக்கும்,” என்றேன்.

அங்கிருந்தே ஆட்டோ பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அழுகைக்கும் வாட்சுக்கும் சம்பந்தம் கிடையாது.

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். யோசித்துப் பார்த்தேன். ஊர் என்னோடு ஒத்து வாழ்ந்தாலும் பலன் அதேதானே.

ஒரு திங்கட்கிழமை, தேநீர் இடைவேளையில், வாட்சைத் திறந்து அதன் கிரிஸ்டலை எடுத்து மாஸ்டர் பெட்டியில் வைத்தேன். பழைய மாஸ்டர் கையில் சும்மா இருந்தது. நல்ல பொருளை வீணாக்குவானேன் என்று அதை வாட்சுக்குள் பொருத்தி, நேரத்தைப் புதிதாக வைத்தேன். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

மறுநாளிலிருந்து ஒழுங்கான கிரிஸ்டல்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. நாளைக்கு ஐந்து விநாடி பின்தங்குபவை தேறின. கிரிஸ்டல் வெட்டும் பிரிவு மேஸ்திரி இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டு அளவை மாற்றிக்கொண்டார். நல்ல மனிதர். அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனிக்கு வெள்ளிவிழா வந்தது. வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஊர் முழுக்கச் சுவர்க் கடிகாரம் இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் ஊரே அரை மணி நேரம் பின்தங்கியது. எல்லோரும் சேர்ந்து தாமதித்தால் அதற்குத் தாமதம் என்று பெயரில்லை. ரயில்கள் மட்டும் காலியாகப் போயின. சிலர் செல்போன் வேகமாக ஓடுகிறது என்று ரிப்பேருக்குக் கொடுத்தார்கள். வருடம் முழுக்க ஒரு பிள்ளைகூடத் தாமதமாக வரவில்லை என்று தலைமையாசிரியருக்குப் பரிசு கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனர் சமாதானம் பேசக் கூப்பிட்டார், மாலை ஐந்துக்கு. என் வாட்சில் ஐந்தானபோது கதவைத் தட்டினேன். மனைவி ஈரத் தலையில் துண்டோடு வந்து திறந்தாள். கூடத்தில் கம்பெனிக் கடிகாரம் நாலரை காட்டியது.

“அன்னிக்கு அரை மணி லேட்டு. இன்னிக்கு அரை மணி முன்னாடி. அந்த வாட்சைத் தூக்கிப் போட்டாத்தான் என்ன?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவள் பெட்டி வாசலருகே கட்டித் தயாராக இருந்தது.

என் போனைக் காட்டினேன். “அதையும் நீங்கதான் மாத்தி வச்சிருப்பீங்க,” என்றாள். மைத்துனர் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துக் கேட்டார். அங்கேயும் நாலரை.

“தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நின்னா எப்படி மாப்பிள்ளை? தப்புன்னு சொல்லிட்டு இவளைக் கூட்டிட்டுப் போங்க.”

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. இருவரும் வீட்டுக்கு வந்திருப்போம். ஆனால் நீங்களே யோசியுங்கள், அன்றைக்கு என் வாட்ச் நிஜமாகவே சரி. கட்டிய மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு எப்படிக் குடும்பம் நடத்துவது?

அதனால்தான் யாரும் பிடிப்பதற்கு முன் நானே வந்தேன். மாஸ்டரை மாற்றியவன் நான். ஒரு கோடியே நாற்பது லட்சம் கிரிஸ்டல்களைக் கெடுத்தவன் நான். வேலை போகும், ஜெயில்கூட இருக்கலாம். பரவாயில்லை. இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அவளுக்கு அனுப்பிவையுங்கள், போதும். ஞாயிற்றுக்கிழமை என் வாட்ச் சரியாக இருந்தது என்ற இடத்தில் மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டுவிடுங்கள். படித்ததும் அவளுக்கு மனசு ஆறிவிடும், அன்றைக்கே கிளம்பி வந்துவிடுவாள். டைப் அடிப்பவர் வழக்கப்படி எங்கேயாவது ‘மன்னிப்பு’ என்று சேர்த்திருந்தால் அதை அடித்துவிடுங்கள் ஐயா, அவள் தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறாள்.