வெள்ளிக்கிழமை ராசகுமாரன்

பாலாவியில், உப்பளங்களுக்குப் பக்கத்தில், பஸ் நெடுநேரம் நின்றது. உப்பின் வெள்ளை வெயில் ஜன்னல் வழியே மடியில் வந்து உட்கார்ந்தது. முன் இருக்கையில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள்.

"ராசகுமாரன் இப்ப உப்பளத்துல வேலை செய்றான்" என்றாள் மூத்தவள்.

"எந்த ராசகுமாரன், ராத்தா?"

"உன்ட மச்சான் வெள்ளிக்கிழமையில எனக்கு வாசிச்சுக் காட்டுவாரே, அந்தச் சிங்களச் சித்திரக்கதையில வாறவன்."

"அந்தப் பத்திரிகைதான் கடதாசி விலை ஏறின நேரம் நிண்டு போச்சே."

"ஓம். பழசு ஒண்டை விரிச்சு வெச்சுக்கொண்டு என்ட மனுசன் இன்னும் கதையைப் புதுசு புதுசா வாசிக்கிறார். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதெண்ட தைரியம். படம் மாறாதது கூடவா எனக்குத் தெரியாது?"

"நீங்க கேக்கல்லயா?"

"கேட்டா வெக்கத்துல நிப்பாட்டிருவார். போன கிழமை மழையில, எங்கட உப்பு மாதிரியே, ராசகுமாரன்ட உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. அவன் பொஞ்சாதியப் பாத்து, நீ இல்லாட்டி நான் என்ன செய்வேன் எண்டு கேட்டான்."

"மச்சான் உங்களுக்கிட்ட அப்படிக் கேட்டிருக்காரா?"

"ஒரு நாளும் இல்ல."

பஸ் நகர்ந்தது. மூத்தவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாள். "இண்டைக்கும் வெள்ளிக்கிழமைதானே. இந்த டிரைவர் இப்படி ஊர்ந்தா நான் எப்ப வீட்டுக்குப் போய்ச் சேர்றது?"