ஒரே நிறத் துண்டுகள்

நாலந்தாவுக்கு முந்திய இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஏற்கெனவே ஒருவரைச் சந்தேகத்தில் தனியாக மரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்காவுக்கும் தங்கைக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம்.

"நாலாவது பரிமாணத்துல ரெண்டு துண்டு மட்டும் இடம் மாறி நிக்குதுக்கா," என்றாள் தங்கை.

"இப்பவும் கம்பியூட்டர்ல நிறம் சேர்க்கிற அந்தக் கியூப் ஞாபகம்தானா ஸ்டெல்லா? ஆமிக்காரன் பாக்குறான், மெதுவா பேசு."

"பேசினாத்தான் பயம் தெரியாதுக்கா. ரெண்டு மட்டும் தனியா மாறவே முடியாது. ஜோடி ஜோடியாத்தான் மாறும், அதைப் பாரிட்டின்னு சொல்வாங்க. ஒரே நிறத்துல இருக்கிற ரெண்டு துண்டு முன்னாடியே எங்கயோ மாறியிருக்கும். பாத்தா தெரியாது, கடைசியிலதான் மாட்டும்."

"அப்ப எப்படிச் சரி பண்றது?"

"சேர்த்து வச்சதைக் கலைக்கணும்."

"சரி, ஐசியை எடு. வரிசை நகருது."

தங்கை கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தாள்.

"அக்கா, இது உங்க ஐசி."

"என்னது?"

"பொலிசுல பதியிறதுக்கு நேத்து போட்டோ கொப்பி எடுத்தோமே. கடையில மாத்திக் குடுத்துட்டாங்க."

"கையை நீட்டாத. இப்ப மாத்தினா சந்தேகப்படுவான். நீதான் ரெஜினா, நான் ஸ்டெல்லா. கேட்டா அப்படியே சொல்லு."

சிப்பாய் தங்கையின் கையிலிருந்த அட்டையை வாங்கினான். படத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"ரெஜினா?"

"ஓவ்," என்று சிங்களத்தில் ஆமாம் சொன்னார்கள் இரண்டு பேரும்.