மழை வருது, துணியை எடு

டீ நன்றாக இருந்தது. பால் லேசாக அடிப்பிடித்திருந்தது. யாரோ கூடக் கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. ஒருவர் அடுப்படியில் நின்று செய்து கொடுத்ததை வாயில் வைத்துவிட்டு நொட்டை சொல்வது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் முழுவதையும் குடித்துவிட்டேன்.

எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நான் எங்கும் ஓடப்போவதில்லை. நானாகத்தானே வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் கொழுந்தன் மனைவியை நேற்றிலிருந்து இந்த ஸ்டேஷனில் வைத்து அழ வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சின்னவள் என்றுதான் வீட்டில் அவளைக் கூப்பிடுவோம். அவளை அனுப்பிவிடலாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கிழங்குக் கறியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அந்தக் கறியை அத்தைக்கு அவர் மாமியார் சொல்லிக்கொடுத்தார், அவருக்கு அவர் மாமியார். இறைச்சியும் கிழங்கும் புளிப்பும் காரமுமாகக் கொதிக்கும்போது தெருமுனை வரை மணக்கும். கிழங்கு எங்கள் கொல்லையிலேயே விளைவது, கடையில் கிடைக்காது. யார் விருந்துக்கு வந்தாலும் அதுதான். வாய்ச்சொல்லாகவே வந்த சமையல் அது. ஏன் எழுதி வைக்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுதி வெச்சா கண்டவ கைக்கும் போயிடும்" என்றார் அத்தை.

கண்டவ என்று அவர் சொன்னபோது எதிரில் நின்றது நான் ஒருத்திதான்.

கல்யாணமாகி வந்த புதிதிலேயே கிழங்கு வேலை என் தலையில் விழுந்தது. தோண்டி எடுப்பது, மண் போகக் கழுவுவது, தோல் சீவுவது. சீவினால் முழங்கை வரை அரிக்கும். வில்லைகளாக நறுக்கி முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மறுநாள் மூடாத பாத்திரத்தில் வேகவைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டவேண்டும். கொட்டுவதும் கோழிகள் வராத மூலையில்தான். இதை அத்தை ஒன்று விடாமல், இரண்டு முறை மூன்று முறை சொல்லி, பக்கத்தில் நின்று செய்யவைத்துக் கற்றுக்கொடுத்தார். இதில் மட்டும் அவர் எதையும் மறைக்கவில்லை. கை அரிக்கிற வேலையை யாரும் மறைப்பதில்லை.

நான் அதையெல்லாம் முடித்து, வெள்ளை வெளேரென்று வில்லைகளைத் தட்டில் பரப்பி வைத்த பிறகுதான் அத்தை புடவையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் வருவார். அவருக்குச் சமையல் அங்கேதான் தொடங்கும். வீட்டு ஆண்களுக்கோ கிழங்கு என்பது தட்டில் வந்த பிறகுதான் அறிமுகம்.

கறியைக் கற்றுக்கொடுங்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் அத்தை மறுத்ததில்லை. பக்கத்தில் நிற்கவைத்து இறைச்சியை எப்போது போடுவது, தீயை எப்போது குறைப்பது எல்லாம் சொல்வார். பாதியில் திடீரென்று ஜன்னலைப் பார்ப்பார்.

"மழை வருது, மாடில துணி கெடக்கு. ஓடு, எடுத்துட்டு வா."

ஓடுவேன். மாடியில் வெயில் மண்டையைப் பிளக்கும். சரி, வயதானவர், கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு துணியை அள்ளிக்கொண்டு வருவேன். அதற்குள் கறி நிறம் மாறியிருக்கும். மறுபடியும் ஒரு விருந்து, மறுபடியும் அதே இடத்தில் மழை. சில சமயம் வாசலில் யாரோ கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் தெருவில் நாய்கூட இருக்காது. எனக்குப் புரியவே இல்லை என்று நினைக்காதீர்கள். புரிந்தது. ஆனாலும் ஓடினேன். ஒரு மாமியாரைப் பார்த்து, மழை வரவில்லை அத்தை என்று எந்த மருமகள் சொல்வாள்?

பிறகு நான் தனியாகச் சமைத்தால் எப்படி இருக்கும்? நன்றாகத்தான் இருக்கும். என் கணவர் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, மென்று, தலையை ஆட்டுவார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னவோ குறையுது."

அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். குறை கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம். அங்கே எந்த எழுத்து தவறு என்று சுழித்துக் காட்டுவார். இங்கே என்ன குறைகிறது என்று ஒருநாளும் காட்டியதில்லை. அவர் சொன்னதும் கொழுந்தன் சிரிப்பான். அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டு, பெரிய மனது பண்ணி மன்னித்தவரைப் போலச் சாப்பிடுவார். வந்தவர்கள் எழுந்து கை கழுவும்போது "என்ன இருந்தாலும் அம்மா கைப்பக்குவம் வராதுல்ல" என்பார்கள். நான் எச்சில் தட்டுகளை அடுக்குவேன். என் தலைமுடி நரைக்க ஆரம்பித்ததே அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றித்தான்.

சின்னவள் வந்தாள். வேறு ஊர்ப்பெண். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிற வேலை. நல்ல பெண்தான். அக்கா அக்கா என்று பின்னாலேயே வருவாள். வந்த மாதத்திலேயே, "அத்தை, உங்க கிழங்குக் கறி எனக்கும் சொல்லித் தாங்களேன்" என்றாள். அத்தை அவளை அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார். நான் பின்னால் நின்று வில்லைகளை எடுத்துக் கொடுத்தேன். இறைச்சி வெந்தது, தீ குறைந்தது. மழை வருகிற நேரம் வந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அத்தை பார்க்கவில்லை.

"இங்க பாரும்மா, இதான் விஷயம்" என்றார். சின்ன வாணலியில் வெங்காயத்தைப் போட்டார். பொன்னிறமானதும் இறக்கவில்லை. விட்டார். கறுத்து, கரியாகி, புகை கண்ணைக் கரித்தபோது ஒரு கரண்டி சர்க்கரையைத் தூவி அப்படியே கறியில் கவிழ்த்தார்.

அவ்வளவுதான். கருக்கின வெங்காயம். அதற்காகத்தான் நான் அத்தனை வருஷம் காய்ந்த துணியை எடுக்க மாடிப்படி ஏறினேன்.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. இன்னும் போகவில்லை. வயிறு எரிகிறது என்பார்களே, அது சும்மா பேச்சில்லை, நிஜமாகவே எரிந்தது, இரவெல்லாம் மோர் குடித்தேன். மறுநாள் துணி மடிக்கும்போது அத்தையிடம் சாதாரணமாகக் கேட்டேன், எனக்கு ஏன் அதைச் சொல்லவில்லை என்று. அவர் மறைக்கக்கூட இல்லை. சிரித்தார்.

"நீ வீட்லயே இருக்கறவ. எல்லாத்தையும் உங்கிட்ட குடுத்துட்டா அப்புறம் என்னைய யாரு தேடுவா? அவ வேலைக்குப் போறவ, வருஷத்துக்கு ஒருவாட்டி செய்வா. எங்க மாமியாரும் எனக்கு ஒண்ணை விட்டுட்டுத்தான் சொன்னாங்க. நானா கண்டுபிடிச்சேன். நம்ம வீட்டுப் பழக்கம்டி அது."

ஒன்றை விட்டுவிட்டுச் சொல்வது எங்கள் வீட்டுப் பழக்கம். இதை எழுதுகிறவரிடம் நன்றாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு சின்னவளின் கறியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவள் கரண்டி பிடித்ததே மூன்றாம் தடவை. என் கணவர் கண்ணை மூடினார், மென்றார், "இதான், இதேதான்" என்றார். கிழங்கு உதிரியாக வெந்திருக்கிறது என்று தனியாக ஒரு பாராட்டு. அந்தக் கிழங்கை ஊறவைத்தவள் அவர் பின்னால் தண்ணீர்க் குவளையோடு நின்றுகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அந்த வெங்காயத்தைப் போட்டு ஒருநாள் செய்து பார்த்தேன். "சின்னவள மாதிரி செய்யப் பாத்திருக்கே" என்றார்.

போன மாதம் கொழுந்தன் தனி வீடு பார்த்துப் போனான். புது வீட்டுக்கு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கிழங்குக் கறிதான் என்று முடிவானது. நான் முதல் நாளே போய்க் கிழங்கு வேலையைச் செய்து தருகிறேன் என்று சொன்னேன். இதைக் கவனியுங்கள், நான் சொன்னேன். அத்தைதான் வேண்டாம் என்றார்.

"நீ போய் நின்னா அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அவ வீட்ல அவ கையால செய்யட்டும். நீ வீட்டப் பாத்துக்க."

சரி என்றேன். கிழங்கை மட்டும் தோண்டி, கழுவி, பையில் போட்டு என் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். நல்ல முற்றின கிழங்கு.

விருந்தன்று காலை சின்னவள் போன் செய்தாள். பாவம், மூச்சு வாங்கியது.

"அக்கா, கிழங்கத் தோல் சீவி நறுக்கிட்டேன். கையெல்லாம் ஒரே அரிப்பு. நீங்க எடுத்துக் குடுப்பீங்களே, அதே மாதிரி வெள்ளையா இருக்கு. அப்படியே கறியில போட்டுடலாம்ல? இல்ல, முன்னாடி வேற ஏதாச்சும் பண்ணணுமா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"இரும்மா" என்றேன். "மழை வருது. மாடில துணி கெடக்கு. எடுத்துட்டு வந்து சொல்றேன்."

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். துணியை எடுத்தேன். ஒவ்வொன்றாக மடித்தேன். தலையணை உறைகளைக்கூட ஓரம் பார்த்து மடித்தேன். அவள் மறுபடி கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன். போனைத் துணிக்கூடைக்கு அடியில் வைத்திருந்ததால் அடித்ததா என்று தெரியாது.

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. விஷம் எதையும் வாங்கவில்லை, கலக்கவில்லை. அந்த வீட்டுப் பக்கம் போகவே இல்லை. கிழங்கில் இருப்பது கிழங்கிலேயே இருப்பது. இத்தனை வருஷம் அதைத் தண்ணீரில் இறக்கிக் கொல்லையில் கொட்டிக்கொண்டிருந்தவள் நான். அந்த வீட்டில் ஒவ்வொரு விருந்துக்கும் எல்லாரையும் உயிரோடு எழுந்து கை கழுவ வைத்தவள் நான். அதற்கு ஒருவராவது நன்றி சொன்னார்களா? அன்று ஒருநாள் நான் சும்மா இருந்தேன்.

சமைத்தவள் கடைசியில் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதனால்தான் சின்னவள் பிழைத்தாள். கொழுந்தன் இன்னும் ஆஸ்பத்திரியில் குழாயோடு கிடக்கிறான் என்றார்கள். அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், பிழைக்கவில்லை. சின்னவளின் அப்பாவும் போய்விட்டார். தையல்காரர், எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் டீயைக் குடித்துவிட்டு, "இந்த மாதிரி டீ எங்கயும் குடிச்சதில்லம்மா" என்பார். அவர் ஒருவருக்காக எனக்கு வருத்தம்தான். அவரும் வருகிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு எதைத்தான் சொன்னார்கள்?

என் கணவருக்குப் புது வீட்டு இரைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டதும் கிளம்பி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியில் சாய்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். யாரோ கசக்கிறது என்றார்களாம். அத்தை விடவில்லையாம். "அது வெங்காயம் கருகின ருசிடா. எங்க வீட்டு ரகசியமே அதான், சாப்பிடு" என்றாராம். கிழங்கை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினாயா என்று சின்னவளிடம் ஒரு வார்த்தை கேட்டும் இருக்கிறார். "அக்காகிட்ட கேட்டுட்டேன் அத்தை" என்றாளாம் அவள். "அவகிட்ட கேட்டாச்சுன்னா சரி" என்று தட்டை நீட்டியிருக்கிறார். என் வேலையைப் பற்றி அத்தை சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதையும் என் காதுபடச் சொல்லவில்லை.

இன்று காலை பேப்பர் பார்த்தேன். உங்கள் மேசையிலும் கிடக்கிறது. இளைய மருமகள் சமைத்த கறி என்று போட்டிருக்கிறது. அதைப் படித்ததும்தான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். இதையும் அவள் பெயரில் எழுதுவீர்களா? அவள் செய்தது வெங்காயத்தைக் கருக்கினது மட்டும்தான். அந்தக் கறி என்னுடையது. அதில் என்ன குறைந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். எல்லாரும் தட்டில் கை வைக்கப்போகிற நேரம் எனக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு போன் செய்திருந்தால் போதும். செய்யவில்லை. போதுமா? இப்போது சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் என்னவோ கேட்க வாயெடுத்தீர்கள். என் கணவர் வீடு வந்ததற்கும் நான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னதற்கும் நடுவில் ஏன் அவ்வளவு நேரம், அவரையாவது பிழைக்க வைத்திருக்கலாமே என்று. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தேன், விசிறினேன். கறி எப்படி இருந்தது என்று கேட்டேன். அவருக்கு நாக்கு குழறியது. "உன் கைப்பக்குவம் வராது. நீ செய்யறதுதான் கறி" என்றார். அப்படித்தான் என் காதில் விழுந்தது. ஆனால் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.