டயானா எழுதிவந்த பட்டியல்

மதர்போர்டில் பிராசசரை வைக்கும்போது அழுத்தவே கூடாது சார், அது தானாகப் போய் உட்காரும். பதினெட்டு வருஷத்தில் நான் ஒரு பின்னைக்கூட வளைத்ததில்லை. ஆரணியில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிற கம்ப்யூட்டர்களில் பாதி என் கையால் பூட்டியவை.

கேமிங் கம்ப்யூட்டர் கேட்டு வருகிறவர்கள் வேறு ரகம். கலர் லைட் எத்தனை எரியும் என்றுதான் முதலில் கேட்பார்கள். எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. எதை மாட்டிக் கொடுத்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டு தூக்கிப் போவார்கள்.

டயானா கேட்டாள். பட்டு வியாபாரி ஒருவரிடம் பார்டர் டிசைன் வரைகிற பெண். என்னென்ன பாகம் வேண்டும் என்று தாளில் எழுதியே கொண்டுவந்தாள். பவர் சப்ளையை மட்டும் நான் சின்னதாக மாற்றிச் சொன்னேன்.

"அது பத்தாதுண்ணா. கிராபிக்ஸ் கார்டு மட்டுமே முந்நூறு வாட் இழுக்கும். சூடாகி எரிஞ்சிடும்."

பவர்லூம் வைத்திருக்கும் வீரபாகு அப்போது கடையில் இருந்தார். "இன்னா கமலக்கண்ணா, பொண்ணு உனுக்கே பாடம் எடுக்குது" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் சொன்னது சரிதான். நாலு வீடியோ பார்த்தால் கிளிகூடச் சொல்லும்.

அவள் கேட்ட பவர் சப்ளையையே சென்னையிலிருந்து வரவழைத்தேன். அதைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, குப்பைக்குப் போக வேண்டிய ஒன்றின் பாகங்களை வைத்து மூடினேன். ஸ்டிக்கர் கசங்கவில்லை. டயானா அதை எழுத்து விடாமல் படித்தாள்.

"கரெக்டா வாங்கினு வந்துட்டீங்கண்ணா. தேங்க்ஸ்."

அவளுடைய அறிவு ஸ்டிக்கரோடு முடிந்துவிட்டது.

சனிக்கிழமை நானே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினேன். வீட்டில் அவளும் அவள் அப்பா சவரிராஜும்தான். பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சும் போய்விட்டது, கை காலும் விழுந்துவிட்டது. எனக்கு டீ கொடுக்கச் சொல்லி மகளுக்குக் கண்ணைக் காட்டினார்.

"முதல்ல ரெண்டு மணி நேரம் ஃபுல் லோடுல டெஸ்ட் ஓடணும்மா. நாளைக்குச் சர்ச்சுக்குப் பூசைக்குப் போறப்ப போட்டுட்டுப் போ. நடுவுல நிறுத்தாத."

"சரிண்ணா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கடையில் வீரபாகுவுக்கு முன்னால் இதைச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை, பூசை முடிவதற்குள் பற்றிக்கொண்டது. முதலில் திரைச்சீலை, பிறகு மெத்தை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துப் போனபோது சவரிராஜ் உயிரோடு இல்லை.

சாவுக்குப் போனேன். டயானா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தாண்ணா பார்ட்ஸ் தப்பா செலக்ட் பண்ணிட்டேன். அப்பாவ நானே கொன்னுட்டேன்" என்று அழுதாள்.

"இனிமேலாவது தெரிஞ்சவங்களக் கேட்டுச் செய்மா" என்றேன். தலையாட்டினாள்.

எரிந்த டப்பாவை நீங்கள் பிரித்துப் பார்த்தீர்கள். அவள் பார்க்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்ப்யூட்டரைச் சவரிராஜின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். அவள் ஹாலில் மேசை போட்டு வைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லி உள்ளே கொண்டுபோனேன். வீட்டிலேயே அந்த அறையில் மட்டும்தான் ஏசி இருந்தது. கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது சார்.