கராச்சிக்காரருக்கு என் பத்து நிமிடம்

தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்புச் சங்கத் தலைவர் சுகுமார் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு மேடவாக்கத்துக்குப் பேருந்து ஏறிய என் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் கோவளம் ஜெயவேலுவின் வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. ஆங்கிலத்தை அகராதியிடம் கற்றேன். நான்கு ஆண்டு உழைத்து நான் தமிழாக்கிய நாவல் இன்று வெளியாகிறது. எழுதியவர் ஹாஜன் மல்லா. இந்த மேசைமேல் கிடக்கிறதே செல்போன், அதில் ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறார். தான் வளர்ந்த கதையையும் எழுத வந்த கதையையும் உங்களிடம் பேச வந்தவர். அவர் பேசக்கூடாது என்று சங்கத்தார் சற்றுமுன் முடிவு செய்துவிட்டார்கள். ஏன்? புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்களா? இல்லை. ஊரைக் கேட்டார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள்.

யாரைப் படித்து எழுத வந்தீர்கள் என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன். "என் அம்மாவை" என்றார். அந்த அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவள். விலையையும், வாங்க வந்தவனின் கஞ்சத்தனத்தையும் ஒரே மூச்சில் சொல்வாளாம். அந்த மூச்சுதான் தன் வாக்கியம் என்றார். கூடைக்காரி செல்வம்மாள் சிரிக்கிறாள். சிரி அம்மா, நீயும் அப்படித்தானே!

அவருடைய அப்பா? மீன்பிடிக்கப் போனவரை எல்லை தாண்டினார் என்று பிடித்தார்கள். கடலில் கோடு போட்டா வைத்திருக்கிறது? மூன்று ஆண்டு சிறை. எந்த நாட்டுச் சிறை? நம் நாட்டுச் சிறை. மகன் எழுதிய கடிதம் ஒன்றுகூடச் சேரவில்லை. "போய்ச் சேராத கடிதங்களைத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றார். நம்மிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியவர் அவர். அவர் காத்திருக்கிறார், நாம் திருப்பிக்கொள்கிறோம்.

இதோ, தலைவரிடமிருந்து ஒரு துண்டுச்சீட்டு.

"இன்னாண்ணா கீது அதுல? படி" என்கிறாள் செல்வம்மாள்.

படிக்கிறேன். "நாட்டின் பெயர் வேண்டாம். வெளிநாட்டு எழுத்தாளர் என்றால் போதும்."

போதாது, தலைவர் அவர்களே. போதவே போதாது! அவர் பாகிஸ்தான்காரர். கராச்சிக் கரையில், மீனவக் குடியில் பிறந்த பாகிஸ்தான் நாவலாசிரியர். ஊரை மறைத்து ஒரு மனிதரை அறிமுகம் செய்ய என் அகராதி எனக்குக் கற்றுத்தரவில்லை.

எனக்கென்று வாங்கிய பொன்னாடை மடித்தபடியே இருக்கட்டும். எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் மிச்சம். அது என்னுடையது. அவருக்குத் தருகிறேன். செல்போனை மைக்கருகே வைக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்வேன். மைக்கை அணைத்தால் கத்திச் சொல்வேன்.

இருந்து கேட்பவர்களுக்கு நன்றி. எழுந்து போகிறவர்களுக்கும் வணக்கம்.

ஹாஜன், பேசுங்கள்.