நான்காக வெட்டிய நாவல்

கம்போங் ராஜாவில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இளையவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அக்கா, நாவல நாலா வெட்டுனது தெரிஞ்சா எழுத்தாளர் திட்டுவாரா?"

"கூட்டா வாங்குனது ஒரே புத்தகம், படிக்கிறது நாலு பேரு. ஒருத்தி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க சும்மா இருக்கவா?"

"ஞாயித்துக்கிழமை லைப்ரரிக்கு வர்றாரே, எதுல கையெழுத்து வாங்குறது? அட்டை உங்க துண்டுல இருக்கு. என்னை அழ வச்ச முடிவு என்கிட்ட இருக்கு."

"நாலுலயும் வாங்குவோம் லா."

"அசிங்கமா இருக்காதா? கம் போட்டு ஒட்டி எடுத்துட்டுப் போலாமே."

மூத்தவள் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"திட்டுனா திட்டட்டும், நீ ஒட்டாத! கோலா தெர்லாவுல அடுத்த நாலு பேரு படிக்கக் காத்துக்கிட்டு இருக்காங்க."