கையில்லாத அமிலம்

மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். லிஃப்ட் இருக்கிற கட்டடமாகப் பார்த்துத்தான் நான் ஆராய்ச்சிக்கே வந்தேன் என்று ஆய்வகத்தில் கேலி செய்வார்கள். இங்கே விசாரணைக்குக் கீழ்த்தளத்திலேயே அறை கொடுத்ததற்கு நன்றி, மேடம். கேட்டதற்கெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறேன். ஒளிக்கிற அளவுக்கு நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. புரதம் என்பது நீளமான ஒரு மணிச்சரம். ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். சரம் சரமாகவே கிடந்தால் ஒரு பிரயோசனமும் கிடையாது. தன்னைத்தானே மடித்துச் சுருட்டிக்கொண்டு அது ஓர் உருவத்துக்கு வரவேண்டும். மடியும்போது சரத்தில் எங்கெங்கோ இருந்த மணிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். மணிக்கு மணி பக்கவாட்டில் ஒரு சின்னக் கை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைகள் ஒன்றையொன்று எட்டிப் பிடித்திருப்பதால்தான் உருவம் நிற்கிறது. எது எதைப் பிடித்திருக்கிறது, எந்தப் பிடி போனால் எல்லாம் சரியும் என்று கணினியில் தூரம் அளந்து சொல்வது என் வேலை.

சொன்னது சரிதானா என்று சோதித்தும் பார்ப்போம். மணியைப் பிடுங்கி எறிய முடியாது, சரம் கெட்டுவிடும். அதனால் அந்த இடத்தில் அலனின் என்ற அமிலத்தை வைப்போம். அலனினுக்குக் கை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, மொட்டு மாதிரி ஒன்று, அவ்வளவுதான். தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், யாரையும் எட்டிப் பிடிக்காது. ஒரு மணியை மாற்றினால் பெரும்பாலும் புரதம் தாங்கிக்கொள்ளும். சரியான இடங்களாகப் பார்த்துச் சிலவற்றை மாற்றினால் தாங்காது. தெளிவாக இருந்த கரைசல் பால் மாதிரி கலங்கிவிடும். உருவம் கலைந்த புரதம், பக்கத்தில் எது கிடைத்தாலும் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு லேசில் பிரிக்க முடியாது. எனக்கு எப்போதும் அந்தக் கடைசிக் கட்டம்தான் பிடிக்கும்.

அம்மா அப்பா போனபிறகு அந்த இரண்டாவது மாடி வீட்டில் நானும் என் தங்கையும்தான். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். வாய் ஓயாது. பல் பிடுங்க வந்த ஆள்கூட அவளோடு நாலு வார்த்தை பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போவார். ஒரு நாள் காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, வேற ஊர்ல எனக்கு வேலை கெடைச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரி. சீக்கிரமே சேரணும்."

"அப்போ நான்?"

"நீ என்ன பச்சைக் குழந்தையா? டெய்லி ஃபோன் பண்றேன், லீவு விட்டா ஓடி வர்றேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத."

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.  குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன். எனக்குப் பயம், மேடம். சொல்வதற்கு வெட்கமில்லை. ஆளில்லாத வீட்டின் பூட்டைத் திறந்தால் உள்ளே ஓர் அமைதி நிற்கும், என்னையே பார்த்துக்கொண்டு. அவள் வரச் சற்றுத் தாமதமானாலும் நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பேன், தனியாக உள்ளே போகமாட்டேன். அவள் ஊரைவிட்டுப் போனால் நான் அந்தப் படிக்கட்டிலேயே செத்துக் கிடப்பேன் என்று தோன்றியது. 

அவளைத் தாங்கிப் பிடித்திருந்தவர்கள் யார் யார் என்று நான் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. கண் பழகிவிட்டது, அவ்வளவுதான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருக்கிற தோழி, கனத்த கண்ணாடி போடுவதால் சோடாபுட்டி என்று கூப்பிடுவோம். எங்கள் சித்தி. அவள் வேலை செய்த இடத்துப் பல் டாக்டர். அவளைக் கட்டிக்கொள்ள இருந்த பையன். பக்கத்து வீட்டு டீச்சர். எங்கள் வீட்டு மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கும். இவர்களில் ஒருவரையும் அவளிடமிருந்து பிரிக்க நான் நினைக்கவில்லை. பிரித்தால் காரணம் கேட்பாள், சண்டை வரும்.

முதலில் சோடாபுட்டியைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன். அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல, டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டிருக்கோம். தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. எதையும் தோண்டித் தோண்டிக் கேக்காத, கேட்டா தாங்கமாட்டா. அவ என்ன சொன்னாலும் சரி சரின்னு கேட்டுக்கோ, அது போதும்."

"ஐயோ, எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையேக்கா."

"அதான் நான் சொல்றேன்ல."

பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அதே வார்த்தைகளைத்தான் மற்றவர்களிடமும் சொன்னேன். சித்தி அழுதார். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். எல்லோரும் தங்கமான மனிதர்கள். கொஞ்சம் பொல்லாதவர்களாக இருந்திருந்தால் நேரே அவளிடம் போய்க் கேட்டிருப்பார்கள்.

அதற்குப்பிறகு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சித்தியின் ஃபோன் 'சாப்பிட்டியா, தூங்கினியா'வோடு முடிந்தது. சோடாபுட்டி கேலி பேசுவதை விட்டாள். பையன் அவளோடு எதற்கும் மல்லுக்கு நிற்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். டாக்டர் இன்னொரு பெண்ணை வரவேற்பில் உட்காரவைத்து, நீ கொஞ்சம் ரெஸ்ட் எடும்மா என்றார். ஒருவர்கூட அவளை விட்டுப் போகவில்லை. அவரவர் இடத்தில் அப்படியே இருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நான் உள்ள நுழைஞ்சா எல்லாரும் பேச்சை நிறுத்திடறாங்க. எதைச் சொன்னாலும் சரி சரிங்கறாங்க. எனக்கு என்னமோ பயமா இருக்குக்கா."

"யாரும்மா அப்படிப் பண்ணப்போறாங்க? உனக்கா தோணுது."

"எனக்கு ஏதாவது ஆயிடுச்சா? நெஜமா சொல்லு."

நான் கத்தியை வைத்துவிட்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.  அதிலிருந்து அவள் பேச்சு குறைந்தது. விளக்கை அணைக்க விடமாட்டாள். யாராவது அழைப்புமணி அடித்தால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வாள். அந்த நாட்களில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் என் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு காலையில் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

"நான் அந்த வேலைல சேரப் போறேன்க்கா. இங்க இருந்தா எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும். அங்க யாருக்கும் என்னைத் தெரியாது, புதுசா பேசிப் பழகிக்குவேன்."

அந்தப் புது ஆட்களுக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.  சரி, குளிச்சிட்டுக் கிளம்பு என்றேன். அவள் குளிக்கப் போனதும் அவளுடைய ஃபோனை எடுத்துக்கொண்டு, கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். போகிற வழியில் டீச்சரிடம் சொன்னேன்: "இன்னிக்கு அவளுக்கு ரொம்ப முடியல. தட்டுவா, கத்துவா. தொறந்துடாதீங்க, டாக்டர் சொல்லியிருக்கார்."

அப்புறம் நடந்ததை டீச்சரே உங்களிடம் சொல்லியிருப்பார். என் தங்கை கதவைத் தட்டியிருக்கிறாள், சுவரைத் தட்டியிருக்கிறாள். டீச்சர், நான்தான், அக்கா பூட்டிட்டுப் போயிட்டா, உங்ககிட்ட சாவி இருக்குல்ல என்று கத்தியிருக்கிறாள். டீச்சர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவருக்கு மறுபக்கம் உட்கார்ந்து, சரிம்மா, சரிம்மா என்று அழுதிருக்கிறார். மனசு கேட்காமல் சித்திக்கு ஃபோன் செய்ததற்கு, பெரியவ சொன்ன மாதிரியே பண்ணுங்க என்று சித்தி சொல்லியிருக்கிறார். மத்தியானம் சத்தம் நின்றுவிட்டது. தூங்கிவிட்டாள் என்று டீச்சர் நினைத்தாராம். அவள் சமையலறை ஜன்னல் வழியாக வெளியே வந்து தண்ணீர்க் குழாயைப் பிடித்து இறங்கப் பார்த்திருக்கிறாள். பழைய குழாய், கையோடு வந்துவிட்டது.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவளுக்கு எந்த நோயும் இருக்கவில்லை. எந்த டாக்டரிடமும் நாங்கள் போகவில்லை. ஐந்து பேரிடமும் நான் சொன்னது பொய். பூட்டியதும் நான்தான். தள்ளியதாக மட்டும் எழுதாதீர்கள், நான் ஆய்வகத்தில் இருந்தேன், அவளை விரலால்கூடத் தொடவில்லை.

நேற்று உங்கள் ஆட்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கட்டிலின் அந்த ஓரத்துக்கு நகரப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே அசைவில்லாததால் முடியவில்லை. மருந்து மயக்கம், அதனால்தான் என்னை அடையாளம் தெரியவில்லை. சோடாபுட்டியும் அந்தப் பையனும் சித்தியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் உள்ளே வந்தாலும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு நடுங்குகிறாளாம், நர்ஸ் சொன்னார். பேச்சும் வரவில்லையாம்.

அதனால் உங்கள் நடைமுறை எதுவானாலும் கொஞ்சம் சீக்கிரம் முடித்து என்னை அனுப்பிவிடுங்கள். அவளை வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.